காயத்தைத் தேடியவர் – ஜிம் கார்பெட்



புலி என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? பலருக்குப் புலி மேல் அமர்ந்திருக்கும் ஐயப்பன் படம். சிலருக்கு நம் நாட்டுச் சின்னத்தின் இரண்டு பக்கமும் நிற்கும் புலிகள். பந்து விளையாட்டு பார்க்கிறவங்களுக்கு ஹரிமாவ் மலாயா. ஆனால் அண்மைய ஆண்டுகளில் புலி வேறு மாதிரியும் செய்தியில் வந்தது. கிளந்தான், குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கி மனிதர்கள் இறந்தார்கள். அவர்களில் ஓராங் அஸ்லி மக்களும் உண்டு.

அந்தச் செய்தி வந்த சமயம் எங்கள் விடுதியில் பெரிய வாக்குவாதம். சுட்டுத் தள்ள வேண்டியதுதானே என்று ஒருத்தன். காட்டை அழிச்சா புலி எங்கே போகும் என்று இன்னொருத்தன். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரின்னுதான் பட்டது. பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் ஜிம் கார்பெட் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மனிதரைத் தின்னும் புலிகளைச் சுட்டுப் பெயர் வாங்கியவர் அவர். அவர் பெயரிலேயே இன்று இந்தியாவில் ஒரு புலிக்காடு இருக்கிறது. இது எப்படி ஒரே ஆளிடம் சேர்ந்தது? அதைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி நைனித்தாலில் பிறந்தார். இமயமலை அடிவாரத்தில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கும் ஊர் அது. ஐரிஷ் வம்சாவளிக் குடும்பம். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். பிள்ளைகள் நிறைய. ஜிம் சின்னப் பையனாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். குளிர்காலம் வந்தால் குடும்பம் மலையிலிருந்து இறங்கி, காலாதுங்கி என்ற இடத்துக்குப் போய்விடும். வீட்டைச் சுற்றிலும் காடு. அந்தக் காடுதான் அவருக்கு இரண்டாவது பள்ளிக்கூடம். குரங்கு எந்தக் குரலில் கத்தினால் சிறுத்தை வருகிறது, மான் எப்போது எச்சரிக்கை கொடுக்கும், மண்ணில் பதிந்த கால்தடம் நேற்றையதா இன்றையதா... இதெல்லாம் பத்து வயசுக்குள்ளேயே அவருக்குத் தெரிந்திருந்தது. பறவைகள், விலங்குகளின் குரலை அப்படியே திருப்பிக் கொடுக்கவும் பழகிக்கொண்டார்.

பள்ளி முடிந்ததும் மேலே படிக்க வசதி இல்லை. இருபது வயசுக்கு முன்னமே ரயில்வே வேலைக்குப் போனார். பிறகு பீகாரில், கங்கைக் கரையில் இருக்கும் மொகாமே காட் என்ற இடத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. இருபது வருசத்துக்கும் மேல் அங்கேதான் இருந்தார். ஆரம்பத்தில் கூலியாட்களோடு சேர்ந்து தானும் மூட்டை தூக்கினார். அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் ராம் சரண். இரண்டு பேரும் சேர்ந்து தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். சாதி குறுக்கே வந்தது. வெவ்வேறு சாதிப் பிள்ளைகள் ஒரே குடிசைக்குள் உட்காரக் கூடாதாம். ராம் சரண் யோசித்தார். சுவர்களை எடுத்துவிட்டார். சுவர் இல்லையென்றால் அது குடிசை இல்லை, வெறும் கொட்டகைதானே! கொட்டகையில் எல்லாரும் உட்காரலாம். பள்ளி நடந்தது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

விடுமுறை கிடைத்தால் கார்பெட் மலைக்கு ஓடிவிடுவார். 1907இல் அவரைத் தேடி ஒரு வேலை வந்தது. குமாவோன் மலையில், சம்பாவத் பக்கம் ஒரு பெண் புலி. அது முதலில் நேப்பாளத்தில் மனிதர்களைக் கொன்று, அங்கிருந்து விரட்டப்பட்டு இந்தப் பக்கம் வந்தது. கணக்கில் வந்த சாவுகள் மொத்தம் 436. நான் முதலில் இதைப் படித்தபோது அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். பிழை இல்லை.

கார்பெட் இரண்டு நிபந்தனை போட்டார். புலியின் தலைக்கு அரசாங்கம் அறிவித்த பரிசுப் பணத்தை ரத்து செய்ய வேண்டும். காட்டுக்குள் சுற்றும் மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். பணத்துக்காகச் சுடுகிறவர் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். அதுமட்டும் இல்லாமல், ஆளாளுக்குத் துப்பாக்கியோடு திரிந்தால் யார் யாரைச் சுடுவார்கள் என்று சொல்ல முடியாது.

அவர் முதலில் போய்ச் சேர்ந்த பாலி கிராமத்தில் மக்கள் ஐந்து நாளாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தண்ணீர் எடுக்கப் பயம், வயலுக்குப் போகப் பயம். கதிர் முற்றி நிற்கிறது, அறுக்க ஆள் இல்லை. கடைசியில் சம்பாவத் பக்கத்தில், சுள்ளி பொறுக்கப் போன ஓர் இளம் பெண்ணைப் புலி தூக்கிப் போனது. மறுநாள் தாசில்தார் ஏறக்குறைய 300 ஆட்களைத் திரட்டினார். அவர்கள் மலை மேலே நின்று மேளம் அடித்து, கூச்சல் போட்டு, புலியைக் கீழே விரட்டினார்கள். கார்பெட்டிடம் இருந்த தோட்டாக்கள் தீர்ந்துவிட்டன. தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி ஓடித்தான் கடைசிக் குண்டைச் சுட்டார். புலி விழுந்தது.

ஊர் மக்கள் கொண்டாடினார்கள். கார்பெட் புலியின் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்க மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ்க் கோரைப்பல் எலும்பு வரைக்கும் போய்விட்டது. எப்போதோ யாரோ சுட்ட குண்டு அது. அந்தப் பல்லை வைத்துக்கொண்டு மானையோ காட்டெருமையையோ பிடிக்க முடியாது. ஓடத் தெரியாத, கொம்பு இல்லாத இரை எது? மனிதன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பொறியியல் பாடத்தில் உடைந்த பாகங்களை ஆராயும் ஒரு பகுதி உண்டு. இயந்திரத்தில் ஒரு ஷாஃப்ட் உடைந்தால், தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினால் போதாது. அதுவும் உடையும். உடைந்த இடத்தைப் பார்க்க வேண்டும், விரிசல் எங்கே ஆரம்பித்தது என்று தேட வேண்டும். கார்பெட் செய்தது இதேதான். சுட்டதோடு வேலை முடிந்தது என்று அவர் போய்விடவில்லை. ஒவ்வொரு முறையும் உடலில் பழைய காயத்தைத் தேடினார்.

முக்தேசரில் 24 பேரைக் கொன்ற பெண் புலிக்கு ஒரு கண் இல்லை. முள்ளம்பன்றியோடு சண்டை போட்டதில் முன்னங்காலில் சுமார் ஐம்பது முட்கள் ஏறியிருந்தன. காயத்தை நக்கிக்கொண்டு புதரில் படுத்திருந்த இடத்துக்கே ஒரு பெண் புல் அறுக்க வந்தாள். ஒரே அடி. அந்த உடலைப் புலி தொடக்கூட இல்லை. மனிதனைத் தின்னப் பழகியது அதற்குப் பிறகுதான். 1938இல் தாக் கிராமத்தில் அவர் சுட்ட கடைசி ஆட்கொல்லிப் பெண் புலியின் உடம்பிலும் இரண்டு பழைய குண்டுக் காயங்கள். அவர் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: புலி பிறவியிலேயே மனித எதிரி இல்லை. காயமோ முதுமையோ அதை அந்த நிலைக்குத் தள்ளுகிறது. பல நேரங்களில் அந்தக் காயம் மனிதன் கொடுத்தது.

இந்துக்களான நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு சம்பவம் ருத்ரபிரயாகில் நடந்தது. அலகநந்தாவும் மந்தாகினியும் சேரும் இடம் அது. கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். 1918 முதல் 1926 வரை ஒரு சிறுத்தை அங்கே 125 பேரைக் கொன்றது. அது கதவைத் தள்ளி வீட்டுக்குள் வரும், யாத்திரிகர் தங்கும் சத்திரத்துக்குள்ளும் வரும். பொழுது சாய்ந்தால் பாதையில் ஒரு ஆள் இருக்காது.

அந்தச் சிறுத்தைக்கு மனித மாமிசம் எப்படிப் பழகியது? 1918இல் உலகம் முழுக்கப் பரவிய இன்ஃபுளூயென்சா அந்த மலைகளையும் விடவில்லை. சாவு அதிகம். ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் முறையாகத் தகனம் செய்ய ஆளும் இல்லை, நேரமும் இல்லை. இறந்தவர் வாயில் ஒரு நெருப்புத் துண்டை மட்டும் வைத்து, உடலை மலைச் சரிவில் தள்ளிவிட்டார்கள். சிறுத்தை அங்கேதான் பழகியது என்பது கார்பெட்டின் விளக்கம். அந்த மக்களைக் குறை சொல்ல நமக்கு மனசு வராது. ஆனாலும் தொடக்கம் எங்கே என்று பாருங்கள்.

அந்தச் சிறுத்தையைத் தேடி அவர் பல வாரங்கள் அலைந்தார். விஷம் வைத்தார்கள், பொறி வைத்தார்கள், தப்பித்துவிட்டது. கடைசியில் கோலாப்ராய் என்ற இடத்தில், யாத்திரிகர் சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாமரத்தில் ஏறி உட்கார்ந்தார். கீழே கழுத்தில் மணி கட்டிய ஒரு ஆடு. பத்து இரவு ஒன்றும் நடக்கவில்லை. பதினொன்றாவது இரவு, 1926 மே மாதத் தொடக்கத்தில், மணி சட்டென்று ஒலித்தது. டார்ச் அடித்துச் சுட்டார். விடிந்து பார்த்தால், செத்துக் கிடந்தது வயதான ஓர் ஆண் சிறுத்தை. பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

கார்பெட்டை முழுக்க முழுக்க உத்தமர் என்று சொல்ல நான் வரவில்லை. 1930இல் பொவல்கர் காட்டில் ஒரு பெரிய ஆண் புலியைச் சுட்டார். அது மனிதரைத் தொட்ட புலி இல்லை. அந்தக் காலத்து வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் ஆசை அவரிடமும் இருந்தது. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி, இரவில் புலிகளைப் புகைப்படம் எடுத்துக் காட்டியவர். அவரைப் பார்த்துக் கார்பெட்டும் கேமராவைத் தூக்கினார். தாபிதுரா கோயில் பக்கம் வாழ்ந்த புலியை யாராலும் சுட முடியாது என்று அந்தக் கோயில் பூசாரி சிரித்துக்கொண்டே சொன்னார். கார்பெட் எத்தனை தடவை முயன்றும் அது விழவே இல்லை. அந்தத் தோல்வியை மறைக்காமல் பிற்காலத்தில் புத்தகமாகவே எழுதினார்.

1936இல் அந்த வட்டாரத்தில் ஹெய்லி தேசியப் பூங்கா உருவானது. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அதுதான். அது அமைய உழைத்தவர்களில் கார்பெட்டும் ஒருவர். 1944இல் குமாவோன் ஆட்கொல்லிகள் பற்றிய அவர் புத்தகம் வந்து உலகம் முழுக்கப் புகழ் கிடைத்தது.

காலாதுங்கிக்குப் பக்கத்தில் சோட்டி ஹல்த்வானி என்ற கிராமத்தை அவர் வாங்கியிருந்தார். காட்டுப் பன்றியும் மானும் பயிரை அழிக்காமல் இருக்க, ஊரைச் சுற்றிக் கல் சுவர் கட்டிக் கொடுத்தார். விலங்கைச் சுடுவதைவிடச் சுவர் கட்டுவது நல்ல வழி இல்லையா? 1947இல் அக்கா மேகியோடு கென்யாவுக்குக் குடிபோகும்போது, நிலத்தைக் குடியானவர்களிடமே விட்டுவிட்டார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. 1955 ஏப்ரல் 19ஆம் தேதி நியேரி நகரில் இறந்தார். அதன் பிறகு அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1973இல் இந்தியா புலிப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியதும் அங்கேதான்.

சரி, இதெல்லாம் இந்தியாவில் நடந்த கதை, நமக்கென்ன? 1968இல் இந்தோசீனப் புலியின் அறிவியல் பெயரில் கார்பெட்டின் பெயரைச் சேர்த்தார்கள். நம் தீபகற்பத்துப் புலியும் 2004 வரை அந்தப் பெயரில்தான் இருந்தது. மரபணு ஆய்வுக்குப் பிறகுதான் மலாயாப் புலி தனிக் கிளையினம் ஆனது. அதாவது, நம் அப்பா அம்மா காலத்தில் நம்ம காட்டுப் புலி கார்பெட்டின் புலி!

அந்தப் புலி இன்று 150க்கும் குறைவு. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு அப்படித்தான் சொல்கிறது. நம் விரிவுரை மண்டபம் ஒன்றில் உட்கார வைத்தால் நாற்காலி மீதம் இருக்கும். காடு துண்டு துண்டாகிறது. இரை குறைகிறது. கள்ள வேட்டைக்காரர்கள் கம்பிக் கண்ணி வைக்கிறார்கள். கண்ணியில் சிக்கிக் கால் போன புலி என்ன செய்யும் என்று கார்பெட் நமக்கு நூறு வருசத்துக்கு முன்னாடியே காட்டிவிட்டார். அந்தக் காட்டோரம் வாழும் ஓராங் அஸ்லி மக்களுக்கும் பாலி கிராமத்து மக்களின் பயம்தான். அவர்களின் உயிரும் முக்கியம், புலியும் முக்கியம். காயம் உண்டாகாமல் பார்த்துக்கொண்டால் இரண்டையும் காப்பாற்றலாம்.

நம்மால் என்ன முடியும்? காட்டு நடை போகும்போது கம்பிக் கண்ணி கண்ணில் பட்டால் பெர்ஹிலித்தானுக்குச் சொல்லலாம். காட்டு இறைச்சி வாங்காமல் இருக்கலாம். இன்னொன்று, நம் சமூகத்துக்கே உரியது. தங்கத்தில் கட்டிய புலிநகம், தியானத்துக்குப் புலித்தோல் என்று யாராவது பெருமையாகக் காட்டினால், அது ஒரு உயிரின் விலை என்று மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி கோபித்துக்கொள்ளலாம். பரவாயில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்.

விடுதியில் அந்த நண்பன் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. சில நேரம் சுடத்தான் வேண்டியிருக்கும், கார்பெட்டும் சுட்டார். ஆனால் சுட்ட பிறகு பல்லைப் பார்க்க வேண்டும். அடுத்த புலிக்கு அதே காயம் வராமல் தடுப்பது நம் கையில்.