துபாஷி ஆனந்தரங்கம் பிள்ளை

பிறந்த ஊரிலேயே தாய்மொழி ஒன்றே பேசி வாழ்நாள் கழிப்பார்க்குச் சொல்லின் அருமை எளிதிற் புலனாவதில்லை. வேற்றூர் புகுந்து வேற்று மொழியாளர் நடுவே பிழைக்க நேர்ந்தவர்க்கே ஒரு சொல்லை அறிந்தமையால் வரும் ஆக்கமும், அறியாமையால் வரும் கேடும் நன்கு விளங்கும். இதற்குப் புதுவை நகரில் வாழ்ந்த ஆனந்தரங்கம் பிள்ளையவர்களின் வரலாறு தக்கதொரு சான்றாகும். நாட்குறிப்பு எழுதியவர் என்ற அளவில் அவரை அறிந்தார் பலர். அயன்மொழியைப் பயின்று, அதனால் உயர்ந்தும் இடருற்றும் வாழ்ந்த ஒருவராக அவரை ஈண்டு நோக்கப் புகுகின்றோம்.

பிள்ளையவர்கள் 1709-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள் சென்னையைச் சார்ந்த பெரம்பூரிற் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை வணிகத் தொழிலினர். தந்தையாரின் மைத்துனர் நைனியப்பப் பிள்ளை என்பார் புதுச்சேரியிற் பிரெஞ்சுக் கும்பினியாரின் தலைமைத் தரகராய்ச் செல்வாக்குடன் விளங்கினார். அவர் தூண்டுதலால் திருவேங்கடம் பிள்ளையும் தம் குடும்பத்தோடு புதுச்சேரியிற் குடியேறினார். இங்ஙனம் ஆங்கிலேயர் பட்டினத்திற் பிறந்த சிறுவர் பிரெஞ்சுக்காரர் பட்டினத்திற்கு உரியரானார்.

அவர் ஏழு வயதினராயிருந்த 1716-ஆம் ஆண்டிலே அக்குடும்பத்தின்மேல் இடி விழுந்தாற்போன்றதொரு துன்பம் வந்தது. எபேர் என்னும் கவர்னர், நைனியப்பப் பிள்ளை கலகத்திற்குக் காரணராயினார் என்றும், குடிகளைக் கொடுமை செய்தார் என்றும் குற்றஞ்சாட்டிச் சிறையிலிட்டார். சாட்சிகள் தமிழிற் கூறியவை வாய்மொழியாகப் போர்த்துக்கீசில் மாற்றப்பெற்று, பின்னர்ப் பிரெஞ்சில் எழுதப்பட்டன. அவ்வேட்டின்கீழ்ச் சாட்சிகள் ஒப்பமிட்டனர். தாம் ஒப்பமிட்டது இன்னதென்று படித்தறிய அவர்களால் இயலவில்லை. நைனியப்பர்க்குக் கிடைத்தன ஊரறிய ஐம்பது கசையடியும், பொருட் பறிமுதலும், சிறைவாசமுமே. 1717-ஆம் ஆண்டிற் சிறையிலேயே அவர் உயிர் நீத்தார். அவர் மகன் குருவப்பப் பிள்ளை கடல் கடந்து பிரான்சு சேர்ந்து, அங்கே ஞானஸ்நானமும் பட்டமும் பெற்று மீண்டார். நைனியப்பர் குற்றமற்றவர் என்று அந்நாட்டில் முடிவாயிற்று. ஆயினும் மாண்டவர் மீளவில்லை. தமக்குரிய வழக்கு தமக்கு விளங்காத மொழியில் எழுதப்படுதல் எத்துணைப் பெருந்தீங்கு என்பதை அக்குடும்பத்தார்க்கு வேறொருவர் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

திருவேங்கடம் பிள்ளை 1726-ஆம் ஆண்டிற் காலமாயினார். பதினேழு வயதினரான ரங்கம் பிள்ளை தந்தையின் பொறுப்பைத் தாங்கினார். லெனுவார் துரை அவர்மேல் நன்மதிப்புக் கொண்டு, பரங்கிப்பேட்டையிற் கும்பினியின் துணி வாணிகத்தை நடத்தும்படி ஏவினார். அந்நாளில் அவர் மொழி பயின்ற பள்ளி பண்டகசாலையும் துறைமுகமுமேயாம். சீலைக் கட்டுகளை எண்ணுமிடத்தும், விலை பேசுமிடத்தும், கப்பற் சரக்கை இறக்குமிடத்தும் காதில் விழுந்த சொற்களே பாடமாயின. இக்காலத்து மாணாக்கர்போல அகராதியைப் புரட்டிப் பொருள் காணும் வசதி அவர்க்கில்லை. முசே, துப்புய் என்னும் பாதிரிமார் தொகுத்த தமிழ்–பிரெஞ்சுப் பேரகராதி புதுவை மிஷன் அச்சுக்கூடத்தில் வெளிவரத் தொடங்கியது 1855-ஆம் ஆண்டிலேதான். அப்பொழுது பிள்ளையவர்கள் மறைந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாயிருந்தன.

துபாஷி என்னும் சொல் இருமொழி வல்லார் எனப் பொருள்படும். அப்பதவிக்கோ இரண்டு மொழி போதாது. கடற்கரைப் பட்டினங்களிற் போர்த்துக்கீசு வணிகப் பொதுமொழியாய் வழங்கிற்று. மேசை, சாவி, சன்னல், அலமாரி முதலிய சொற்கள் அதன் வழியே நம் வீடுகளிற் புகுந்து, இன்று பிறமொழி என்னும் நினைவே தோன்றாவண்ணம் நிலைபெற்றுள்ளன. நவாபுகளின் திருமுகங்களோ பாரசீகத்தில் வரும். வணிகருட் பலர் தெலுங்கு பேசுவர். ஒருவர் சினந்து கூறியதை மற்றவர் சினவாதபடியும், அதே வேளையிற் கருத்துத் திரியாதபடியும் உரைத்தல் வேண்டும். அரசவைக்குரிய பட்டமொழி ஒன்று குறையினும் பகை விளையும். ஆகவே, சொல்லுக்குச் சொல் அறிதலினும், எவரிடத்து எச்சொல் தகும் என்று அறிதலே துபாஷியின் கல்வியாகும்.

1742-ஆம் ஆண்டில் டூப்ளே துரை கவர்னராக வந்தார். 1746-இல் அதுவரை தலைமைத் துபாஷியாயிருந்த கனகராய முதலியார் இறந்தார். முதலியார் கிறிஸ்தவர், அப்பதவி கிறிஸ்தவர்க்கே உரியதாதல் வேண்டும் என்று பாதிரிமார் விரும்பினர். ஆயினும் டூப்ளே ரங்கம் பிள்ளையின் அறிவையே தேர்ந்துகொண்டார். 1749-இல் முசாபர் ஜங் அவர்க்கு மூவாயிரங் குதிரைக்குரிய மன்சப்தார் பட்டம் நல்கினார். ஆனந்தப்புரவி என்னும் கப்பல் அவர்க்குச் சொந்தமாயிருந்தது. புலவர்கள் அவர்மேற் பாடிப் பரிசில் பெற்றனர். தியாகராய தேசிகர் இயற்றிய ஆனந்தரங்கன் கோவை அவற்றுள் ஒன்று.

எனினும் மொழியறிவாற் பெற்ற செல்வாக்கு எல்லையுடையதே என்பதையும் அவர் கண்டார். டூப்ளேயின் மனைவியார் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் நன்கறிந்தவர். துபாஷியின்றியே ஊராரோடு உரையாட வல்ல அவ்வம்மையாரின் தலையீடு பிள்ளையவர்கட்குப் பெருந்தொல்லையாயிற்று. 1748-இல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டபொழுது, நெடுநாளாகப் பாதிரிமாரிற் சிலர் வேண்டியபடி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. கவர்னரின் செவிக்கு மிக அணுக்கமான தமிழர் பிள்ளையவர்களே. அவர்தம் பிரெஞ்சும் பதவியும் அதனைத் தடுக்க உதவவில்லை. நெஞ்சு நொந்து அந்நிகழ்ச்சியைக் குறித்து வைத்தார். கிறிஸ்தவர்களாகிய நாம் அப்பகுதியை நாணத்தோடன்றிப் படித்தல் இயலாது.

அந்நாட்குறிப்பே அவர்க்கு அழியாப் புகழ் தந்தது. நள வருஷம் ஆவணி மாதத்தில், அதாவது 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாளில் அது தொடங்குகின்றது. கப்பல் வரவு, சந்தை நிலவரம், போர்ச்செய்தி, கவர்னரோடு நிகழ்ந்த உரையாடல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். பகலிற் பிரெஞ்சில் நடந்த பேச்சை அவர் பேச்சுத்தமிழிலே எழுதினார். தமிழில் ஈடில்லாச் சொற்களை அஞ்சாது தமிழெழுத்தில் அமைத்துக்கொண்டார்: ஐயா என்பதற்கு முசே, ஆலோசனைச் சபைக்குக் கோன்சேல், போர்வீரர்க்குச் சொலுதாது. இலக்கணப் புலவர் அந்நடையைக் குறை கூறலாம். யாமோ, புதுச் சொல்லைக் கேட்ட செவியின் வியப்பு அதில் இன்னும் ஒலிப்பதாகவே எண்ணுகின்றோம். தற்புகழ்ச்சியும், சோதிடத்தில் மிகுந்த நம்பிக்கையும், போட்டியாளர்மேற் காழ்ப்பும் அதில் இல்லாமலில்லை. பிறர் காணாவண்ணம் எழுதியவர் தம் குறைகளையும் மறைக்கவில்லை.

1754-இல் டூப்ளே திருப்பியழைக்கப்பட்டார். 1756-இற் பிள்ளையவர்கள் பதவி இழந்தார். மீண்டும் ஆங்கிலேயர் நகரை வளைத்திருந்த காலத்தில், 1761 சனவரி 12-ஆம் நாள் உயிர் துறந்தார். நான்கு நாட்களில் நகரம் பகைவர் வசமாயிற்று. குறிப்பேடுகள் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, 1846-இற் கல்லுவா மொம்பிரேன் என்பாரால் வெளிப்பட்டன. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு சென்னையில் வெளிவந்தது. அவர் வாழ்ந்த மாளிகை ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கின்றது.

இன்று நம்மவர் பற்பலர் கல்வியும் தொழிலும் நாடி அயல்நாடு செல்கின்றனர். அங்கே ஒரு மரபுத்தொடரின் பொருள் தெரியாது விழிப்பதும், ஆசிரியர் நகைத்ததன் காரணம் விளங்காது வாளாவிருப்பதும் அவர்க்கு இயல்பே. அவர்கள் பிள்ளையவர்களை நினைத்தல் நன்று. அவர் பிறர்மொழியைப் பணிக்காகக் கற்றார், ஐயமறக் கற்றார், ஆனால் இரவில் தம் மனத்தைத் தமக்கே எடுத்துரைக்குங்கால் தாய்மொழியையே நாடினார். அவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடியமையாலன்றோ, பிரெஞ்சுக்காரர் கோட்டையுள் அன்று நிகழ்ந்தவற்றை இன்று நாம் தமிழிற் படிக்கின்றோம்!