இளவரசன் வராத இளவரசிக் கதை: மெட்ராஸில் அச்சான கனவு, அதை எழுதிய பேகம் ரொக்கேயா

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் காலை நேரத்தில் போனால் ஷூ கம்பெனி பஸ்களும் வேன்களும் கிராமம் கிராமமாக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ். சிலர் புடவை, சிலர் சுடிதார், சிலர் புர்கா. வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்தின் காலணித் தொழிற்சாலைகளில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்தான்.

இவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஸ்கூல் பேக்கில் இப்போது எல்சா படம் இருக்கும். இளவரசன் வந்து காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லாத இளவரசி. ராபர்ட் மன்ச் எழுதிய 'தி பேப்பர் பேக் பிரின்சஸ்' 1980-இல் வந்தது. அதில் டிராகனிடம் மாட்டிக்கொள்வது இளவரசன், மீட்கப் போவது இளவரசி. பிறகு 2012-இல் 'பிரேவ்', 2013-இல் 'ஃப்ரோசன்'. இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நேற்று வந்த ஃபேஷன் என்று நினைத்தால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1905-இல் நம்ம மெட்ராஸிலேயே அப்படி ஒரு கதை அச்சாகிவிட்டது. பெயர் 'சுல்தானாஸ் டிரீம்', அதாவது சுல்தானாவின் கனவு. எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன். வங்காளத்து முஸ்லிம் பெண். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்.

கதையில் என்னதான் இருக்கிறது?

ஒரு மாலை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி, இந்தியப் பெண்களின் நிலையை நினைத்துக்கொண்டே ஒரு பெண் கண்ணயர்கிறாள். சகோதரி சாரா என்று ஒருத்தி வந்து வெளியே உலாவ அழைக்கிறாள். போனால் அது வேறு ஊர். தெருவில் ஓர் ஆண்கூட இல்லை. எல்லோரும் வீட்டுக்குள் 'மர்தானா'வில் அடைந்து கிடக்கிறார்கள். அந்த நாட்டை ஆள்வது ஒரு ராணி.

ராணி பட்டத்துக்கு வந்தபோது வயது 13. அறிவியலில் பெரிய ஆர்வம். முதல் வேலையாகப் பெண்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறாள். 21 வயதுக்கு முன்னால் எந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் கூடாது என்கிறாள். பெண்களுக்கென்று இரண்டு பல்கலைக்கழகங்கள் வருகின்றன. ஒன்றில் ஒரு பலூனைக் கண்டுபிடித்து மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கிறார்கள். இன்னொன்றில் சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கிறார்கள். ஆண்கள் அப்போது படை பலத்தைப் பெருக்குவதில் மும்முரமாக இருந்ததால், இந்த ஆராய்ச்சியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

பிறகு போர் வருகிறது. அடைக்கலம் தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப ராணி மறுத்ததுதான் காரணம். ஆண்களின் படை தோற்றுக்கொண்டே வருகிறது. கடைசியில் ஒரு பல்கலைக்கழகத் தலைவி தன் மாணவிகள் 2,000 பேரோடு போர்க்களத்துக்குப் போய், சேமித்து வைத்திருந்த சூரிய வெப்பத்தை எதிரிகள் மேல் திருப்புகிறாள். அவ்வளவுதான், எதிரிகள் ஓட்டம். பெண்கள் களத்துக்குப் போவதால் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கட்டும் என்று அதற்கு முன்பே ஓர் ஏற்பாடு நடந்திருந்தது. உள்ளே போனவர்கள் போனவர்கள்தான்.

அந்த ஊரில் சமையலும் சூரிய அடுப்பில்தான். புகை இல்லை, கரி இல்லை. ஆபீஸ் வேலை ஒரு நாளைக்கு இரண்டே மணி நேரம், ஏனென்றால் இடையில் சுருட்டு பிடிக்கப் போகிறவர் யாரும் இல்லை. இந்த இடத்தில் இன்றைக்கும் சிரிப்பு வரும்.

இவ்வளவு பெரிய ராணியை ரொக்கேயா காட்டும்போது, அவள் தன் 4 வயது மகளோடு தோட்டத்தில் நடந்துகொண்டிருக்கிறாள். கணவன் எங்கே, கல்யாணம் எப்போது என்று கதை ஒரு வரிகூடக் கவலைப்படவில்லை.

ஆண்களைப் பூட்டி வைப்பது மட்டும் நியாயமா என்று ஒரு பிள்ளை கேட்டால்? கேட்க வேண்டும், கதை எழுதப்பட்டதே அந்தக் கேள்விக்காகத்தான். பெண்ணைப் பூட்டினால் வழக்கம், ஆணைப் பூட்டினால் வேடிக்கை என்று ஏன் தோன்றுகிறது என்பதுதான் அதன் கிண்டல்.

பூட்டிய வீட்டிலிருந்து

ரொக்கேயா 1880-இல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூர் மாவட்டத்துப் பாய்ராபந்து கிராமத்தில் பிறந்தார். அப்பா பெரிய ஜமீன்தார். அண்ணன்மார் கல்கத்தாவில் படித்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயே குர்ஆன் ஓதவும் கொஞ்சம் உருது, பாரசீகம் படிக்கவும்தான் அனுமதி. வங்காளி படிக்கக் கூடாது. அது சாமானியர்களின் மொழி, நம் குடும்பம் உருதுக் குடும்பம் என்ற எண்ணம். வீட்டில் உருது, தெருவில் வேறு மொழி என்ற இந்தக் கணக்கு ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும்.

பர்தா எவ்வளவு கடுமை என்றால், ஐந்து வயதிலேயே ஆண்களிடமிருந்து மட்டுமல்ல, வெளியிலிருந்து வரும் பெண்களிடமிருந்தும் ஒளிந்துகொள்ள வேண்டும். விருந்தாளிகள் வந்துவிட்டால் குழந்தை கட்டிலுக்கு அடியிலோ பரணிலோ பதுங்க வேண்டியதுதான். அவர்கள் கிளம்பும்வரை சாப்பாடு நினைவாக வந்தால் உண்டு.

இரவில் வீடு அடங்கிய பிறகு அண்ணன் இப்ராஹிம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கைக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். அக்கா கரிமுன்னிசா வங்காளி கற்பித்தார். அந்த அக்காவுக்கோ வங்காளி படிக்கிறாள் என்று தெரிந்ததும் படிப்பை நிறுத்தி, 15 வயதுக்குள் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள்.

1898-இல் ரொக்கேயாவுக்கும் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை சையது சகாவத் ஹுசைன், பிஹாரின் பாகல்பூரில் டெபுடி மாஜிஸ்ட்ரேட். மனைவியை இழந்தவர், வயதிலும் மிகப் பெரியவர். ஆனால் மனைவி படிக்க வேண்டும், எழுத வேண்டும் என்று ஊக்கப்படுத்தியவர். அவர் இரண்டு நாள் வெளியூர் போயிருந்தபோது, பொழுது போகாமல் ரொக்கேயா ஆங்கிலத்தில் எழுதியதுதான் 'சுல்தானாவின் கனவு'. திரும்பி வந்த கணவர் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, ஆண்களை இப்படிப் பழிவாங்கிவிட்டாயே என்கிற மாதிரி வியந்தாராம்.

கதை போய்ச் சேர்ந்த இடம் மெட்ராஸ். இங்கே கமலா சத்தியநாதன் 1901 முதல் 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற மாதப் பத்திரிகையை நடத்திவந்தார். பெண் ஆசிரியர், பெண்களுக்கான ஆங்கிலப் பத்திரிகை. பாகல்பூரில் பர்தாவுக்குள் இருந்த ஒருவர் ஊர் பேர் தெரியாத மெட்ராஸ் வாசகிகளிடம் போய்ச் சேர அப்படி ஒரு பத்திரிகை தேவைப்பட்டது. கதை 1908-இல் தனிப் புத்தகமாகவும் வந்தது.

ராணி போட்ட உத்தரவு, ரொக்கேயா போட்ட திரை

கணவர் 1909-இல் இறந்தார். பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் சில மாதங்களிலேயே போய்விட்டன. கணவர் பள்ளி தொடங்கவென்று 10,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். அதே ஆண்டு பாகல்பூரில் 5 மாணவிகளோடு பள்ளி ஆரம்பித்தது. ஆனால் சொத்துத் தகராறு. கணவரின் முதல் மனைவிக்குப் பிறந்த மகள் குடும்பத்தோடு ஒத்துவரவில்லை. ஊரை விட்டுக் கிளம்பி, 1911 மார்ச்சில் கல்கத்தாவில் ஒரு சந்தில் 8 மாணவிகளோடு மறுபடி தொடங்கினார். பெயர் சகாவத் மெமோரியல் பெண்கள் பள்ளி.

கதையில் ராணி ஓர் உத்தரவு போட்டால் நாடே படிக்கும். நிஜத்தில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. பிள்ளையை அனுப்புங்கள், பர்தாவுக்குப் பங்கம் வராது என்று வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு பள்ளி பஸ்ஸின் தலையில் விழுந்தது.

புது பஸ் வந்தது. நான்கு பக்கமும் அடைப்பு, மேலே சின்னதாக ஒரு வலை. ஓர் ஆங்கிலேயப் பெண் அதைப் பார்த்துவிட்டு நகரும் இருட்டறை என்று கேலி செய்தார். முதல் நாளே பிள்ளைகள் உள்ளே மூச்சு முட்டி மயங்கினார்கள், வாந்தி எடுத்தார்கள். பதறிப்போய் ஜன்னல் பலகையைத் திறந்து திரை மாட்டினார்கள். உடனே கடிதங்கள் வர ஆரம்பித்தன. காற்றில் திரை பறக்கிறது, பிள்ளைகள் வெளியே தெரிகிறார்கள், இது பர்தாவே இல்லை, சரிசெய்யாவிட்டால் உருதுப் பத்திரிகைகளில் எழுதுவோம் என்று. மூடினால் பிள்ளைகளுக்கு மூச்சு நிற்கும், திறந்தால் பள்ளியே நின்றுபோகும்.

ரொக்கேயாவைப் பற்றிப் பேசுபவர்கள் பலர் புரட்சிக்காரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆனால் இந்தத் திரை விவகாரத்தில்தான் அவர் யார் என்பது தெரிகிறது. ஆண்களை வீட்டுக்குள் பூட்டிக் கதை எழுதியவர், நிஜத்தில் தானும் பர்தா அணிந்தார், பள்ளி பஸ்ஸுக்கும் திரை போட்டார். அது பயம் இல்லை, கணக்கு. திரைக்குள்ளேயாவது ஒரு பிள்ளை பள்ளிக்கு வந்தால் லாபம். அதே சமயம் வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. பஸ் சங்கதி உட்பட, அந்தப்புரக் கொடுமைகள் 47-ஐத் தொகுத்து 'அபரோத்பாசினி' என்று 1931-இல் புத்தகமாகவே போட்டார். உடம்பை மறைக்கும் உடை வேறு, பெண்ணை அடைத்து வைப்பது வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். இரண்டையும் ஒன்றாக்கி இன்றைக்கு டிவி விவாதத்தில் கத்துபவர்கள் அந்தப் புத்தகத்தை ஒருமுறை புரட்டலாம்.

மெனக்கெட்டு வங்காளி கற்ற அவருடைய பள்ளியில் உருதுவழிக் கல்விதான் நடந்தது. வந்த குடும்பங்கள் அதைத்தான் கேட்டன.

பழம் யாருக்கு?

கனவுக் கதையோடு அவர் நிற்கவில்லை. வங்காளியில் 'ரூப்கதா' என்றால் பாட்டி சொல்லும் மாயாஜாலக் கதை. அந்த வடிவத்திலேயே சில கதைகள் எழுதினார். 'ஞானப்பழம்' என்று ஒன்று. நமக்கு உடனே மாம்பழத்துக்காக முருகன் மயிலேறிப் போன கதைதான் ஞாபகம் வரும். இது வேறு. இங்கே பழத்தைப் பெண்கள் சாப்பிடக் கூடாது என்று தடை போடுகிறார்கள், மரமே பட்டுப்போகிறது. 'முக்திப்பழம்' இன்னொன்று. நோயில் கிடக்கும் தாயைக் காப்பாற்றப் பழம் தேட வேண்டும். மகன்கள் மட்டும் போனால் காரியம் ஆகவில்லை, மகள்களும் புறப்பட வேண்டியிருக்கிறது. தாய் என்பது நாடு என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். இரண்டு கதைகளும் 'மோதிசூர்' தொகுப்பின் இரண்டாம் பாகத்தில், 1922-இல் வந்தன.

1924-இல் வந்த நாவல் 'பத்மராகம்' பெரியவர்களுக்கானது. ஆனால் இளவரசிக் கதையின் கடைசிப் பக்கத்தை அது கிழித்துப் போட்டது. நாயகி சித்திகா வசதியான ஜமீன் குடும்பத்துப் பெண். சொத்துப் பேராசையில் முறிந்த கல்யாணத்திலிருந்து தப்பி தாரிணி பவன் என்ற இல்லத்துக்கு வருகிறாள். அங்கே இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள் ஒன்றாக இருக்கிறார்கள். தையல், புத்தகம் பைண்டிங், டைப்பிங், நர்ஸிங் என்று ஆளுக்கொரு வேலை. சொந்தச் சம்பாத்தியம். கடைசியில் மாப்பிள்ளை நல்லவர் என்று தெரிகிறது, சித்திகாவுக்கும் அவர்மேல் பிரியம் உண்டு. சினிமாவாக இருந்தால் சேர்த்துவைத்து சுபம் போட்டிருப்பார்கள். சித்திகா வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் ஊருக்குக் கிளம்புகிறாள். இந்த நாவலை ரொக்கேயா அண்ணன் இப்ராஹிமுக்குக் காணிக்கையாக்கினார்.

சம்பாத்தியம் என்ற விஷயத்தை அவர் எங்கேயும் விட்டதில்லை. புருஷன் வீட்டில் கொட்டும் உழைப்பைக் கொண்டு பெண்கள் சொந்தமாகத் தொழில் செய்யலாம், குமாஸ்தாவிலிருந்து நீதிபதி வரை எந்த வேலையும் பார்க்கலாம் என்று 1904-லேயே கட்டுரை எழுதியிருக்கிறார். அது பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. புத்தகமாக வந்தபோது மதநூல்களை விமர்சித்த பத்திகளை எடுத்துவிட்டார்கள். அதுவும் ஒரு வகையில் பஸ்ஸுக்குப் போட்ட திரைதான்.

1916-இல் முஸ்லிம் பெண்களுக்கான சங்கம் ஒன்றைக் கல்கத்தாவில் தொடங்கினார். ஏழைப் பெண்களுக்குக் கைத்தொழிலும் எழுத்தும் கற்பிக்கும் வேலை. 1932 டிசம்பர் 9 அதிகாலையில், 52 வயதில் இறந்தார். மேஜையில் பெண்களின் உரிமை பற்றி எழுதிக்கொண்டிருந்த கட்டுரை பாதியில் கிடந்தது.

இப்போது எங்கே படிக்கலாம்?

சகாவத் மெமோரியல் பள்ளி இன்றும் கொல்கத்தாவில் அரசுப் பெண்கள் பள்ளியாக நடக்கிறது. வங்கதேசத்தில் டிசம்பர் 9 ரொக்கேயா தினம். 'சுல்தானாவின் கனவு' 2024-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டார உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஸ்பெயினில் அதை ஒட்டி ஓர் அனிமேஷன் படம் 2023-இல் வந்தது. மெட்ராஸில் முதலில் அச்சேறிய கதை சென்னைக்கும் திரும்பி வந்துவிட்டது. தாரா புக்ஸ் நிறுவனம் கோண்ட் பழங்குடி ஓவியர் துர்காபாயின் படங்களோடு அதை வெளியிட்டிருக்கிறது.

காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். மொபைலில் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதாக இருந்தால் தண்ணீர் எடுக்கும் பலூனிலிருந்து ஆரம்பியுங்கள், பறக்கும் கார்வரை தானாகவே போய்விடும்.