கானகம் காத்த மருத்துவர்

நுழையும்முன்
மரங்கள் காற்றிலுள்ள கரியை உட்கொண்டு தம் உடலிலும் மண்ணிலும் சேர்த்து வைக்கின்றன. காடழிவு புவியை வெப்பமாக்கும் என்பதை உலகம் உணராத காலத்திலேயே காடுகளைக் காக்க முனைந்த ஒருவரின் வாழ்க்கை இது.

ஹியூ கிளெகார்ன் 1820ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். ஸ்காட்லாந்தில் வளர்ந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1842இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்குத் திரும்பினார். மைசூர் நாட்டின் சிமோகா பகுதியில் பணியாற்றியபோது நாள்தோறும் ஒரு செடியைக் கூர்ந்து ஆராய்ந்தார். இந்திய ஓவியர்களைக் கொண்டு அவற்றை வரைவித்தார். அங்கே காடுகள் வெட்டுண்டு எரிவதையும் கண்டார்.

உடல்நலம் குன்றித் தாயகம் சென்றிருந்த அவரிடம், வெப்பமண்டலக் காடுகள் அழிவதன் விளைவுகளை ஆராயும் பொறுப்பைப் பிரித்தானிய அறிவியல் கழகம் 1850இல் ஒப்படைத்தது. மறு ஆண்டே அறிக்கை வெளிவந்தது. பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த அவர், 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரானார்.

அப்போது நீலகிரி வேகமாக மாறிக்கொண்டிருந்தது. உதகையும் குன்னூரும் நகரங்களாக வளர, விறகுக்காகச் சோலைகள் வீழ்ந்தன. மலைச்சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் பரவின. சமவெளியில் இருப்புப்பாதைக்குக் கட்டைகள் குவிந்தன. மழைநீரை ஏந்தி ஓடைகளாக விடுக்கும் சோலைகள் அழிந்தால் ஆறுகளும் வற்றும் என்பது அக்கால அறிஞர் பலரின் கவலை. வரம்பின்றி மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தவும் இளமரங்களைக் காக்கவும் கிளெகார்ன் உழைத்தார். தென்னிந்தியக் காடுகளையும் தோட்டங்களையும் பற்றிய அவருடைய நூல் 1861இல் வெளிவந்தது.

அவர் பணியில் குறையும் உண்டு. காட்டெரிப்பு வேளாண்மைக்கு விதிக்கப்பட்ட தடை, தலைமுறைகளாகக் காட்டை நம்பி வாழ்ந்த மக்களின் வாழ்வை நெருக்கியது. அரசு காத்த காடு அரசின் மரத்தேவைக்கும் பயன்பட்டது. சோலைகளைக் காக்கும் மாற்று விறகாக அக்காலத்தார் நட்ட ஆஸ்திரேலியச் சீகை மரங்கள், இன்று நீலகிரியின் புல்வெளிகளையே விழுங்கி வருகின்றன. மரம் நடுவது வேறு, இயற்கைச் சூழலைக் காப்பது வேறு என்னும் பாடத்தை இம்மலை நமக்கு உணர்த்துகிறது.

கிளெகார்ன் தென்னகக் காடுகளில் அலைந்துகொண்டிருந்த 1859ஆம் ஆண்டில், கரியமிலவாயு வெப்பத்தைப் பிடித்து வைப்பதை ஜான் டின்டால் என்னும் அறிவியலறிஞர் இலண்டனில் ஆய்ந்தறிந்தார். அவ்விரு பணிகளுக்கும் உள்ள உறவு நெடுங்காலத்திற்குப் பின்னரே விளங்கியது. சோலைகள் மட்டுமல்ல, புல்வெளிகளின் வேர்மண்ணும் பள்ளத்தாக்குகளின் சதுப்பு நிலங்களும் கரியின் களஞ்சியங்களே. நீலகிரியின் கரிச்சதுப்புப் படிவுகளில் பல்லாயிரம் ஆண்டுகளின் தாவர வரலாறு பதிந்துள்ளது. அவற்றைக் கிளறினால், காலமெல்லாம் சேர்ந்த கரி மீண்டும் காற்றில் கலக்கும்.

1895இல் ஸ்காட்லாந்தில் கிளெகார்ன் மறைந்தார். நோயுற்ற உடலைக் காக்கக் கற்றவர், நோயுற்ற நிலத்தையும் காக்க முயன்றார். அவர் தொடங்கியதைக் குறைகளைந்து தொடர்வது நம் தலைமுறையின் கடமையாகும்.