பயத்தோடு போராடிய பாடலாசிரியர்



இரத்த ஊற்றைப் பற்றிய அந்தப் பழைய ஞானப்பாட்டை நாம் கண்ணீரோடே பாடுகிறோமே, அதை எழுதினவர் இங்கிலாந்து தேசத்து வில்லியம் கூப்பர். 1731-ல் பிறந்து, ஆறு வயதில் தாயை இழந்தவர்.

1763-ல் அவருக்குப் பிரபுக்கள் சபையில் ஓர் எழுத்தர் வேலை வந்தது. எல்லார் முன்பாகவும் நின்று கேள்விக்குப் பதில் சொல்லணும். அவ்வளவுதான். அந்தப் பயமே அவரை உடைத்துப்போட்டது. உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார், தேவன் காத்தார். செயின்ட் ஆல்பன்ஸில் டாக்டர் காட்டன் என்ற விசுவாசி தம்முடைய மனநல விடுதியில் வைத்துப் பார்த்தார். அங்கேதான் 1764-ல் ரோமர் 3:25-ஐ வாசித்து இரட்சிப்பின் சந்தோஷம் பெற்றார்.

சாட்சி இதோடு முடிந்தால் நமக்குத் திருப்திதான். ஆனா முடியல. 1773-ல் பயம் திரும்பியது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்றே நம்பினார். ஆலயத்துக்குப் போவதும் நின்றது. நாமாயிருந்தால் விசுவாசக் குறைவு என்று சட்டுனு சொல்லியிருப்போம். ஓல்னி ஊர்ப் போதகர் ஜான் நியூட்டன் அவரைத் தம் வீட்டிலேயே ஓராண்டுக்கும் மேல் வைத்துக்கொண்டார். மேரி அன்வின் அம்மாள் கூடவே இருந்து கவனித்தார்கள். பிறகு தோட்டவேலை, தச்சுவேலை, மூன்று முயல்கள் என்று கூப்பர் நாளை ஓட்டினார். முயல் வளர்ப்பதில் என்ன ஆவிக்குரியது என்று கேட்காதீங்க. எனக்கென்னவோ அதுவும் தேவ தயவாகவே தெரிகிறது.

1779-ல் ஓல்னி பாடல்கள் அச்சில் வந்தன. ஜனங்கள் அவர் பாட்டைப் பாடி ஆறுதலடைந்தார்கள்; எழுதினவரோ தனக்கு அதில் பங்கில்லை என்றிருந்தார். 1800-ல் கண்மூடும்வரை அந்தப் பயம் அவரை முழுசாக விடவில்லை.