மறைவல்லுநர் புனித தோமாஸ் அக்குவினாஸ்

நற்கருணை ஆசீரின்போது முழந்தாளிட்டு நாம் பாடும் தாந்தும் எர்கோ கீதத்தை இயற்றியவர் யாரென்று கேட்டால், நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. 1264-ஆம் ஆண்டு பாப்பரசர் நான்காம் உர்பன் நற்கருணைத் திருநாளைத் திருச்சபை முழுமைக்கும் ஏற்படுத்தியபோது, அந்நாளுக்குரிய செபங்களையும் கீதங்களையும் ஆக்கித் தந்தவர் புனித தோமாஸ் அக்குவினாஸ் என்பது நெடுநாளைய மரபு. நம் நாட்டுக்கு மறை பரப்ப வந்த அப்போஸ்தலர் தோமையார் வேறு, இவர் வேறு.

இத்தாலி நாட்டில், உரோமைக்கும் நேப்பிள்ஸ் நகருக்கும் இடையிலுள்ள ரொக்காசெக்கா கோட்டையில், பிரபு குலத்தில் 1225-ஆம் ஆண்டையொட்டி இவர் பிறந்தார். ஐந்து வயதளவில் பெற்றோர் இவரை மொந்தே கசினோ ஆசீர்வாதப்பர் மடத்தில் ஒப்படைத்தனர். பக்தி மட்டும் அதற்குக் காரணம் அன்று. செல்வமும் செல்வாக்கும் மிக்க அம்மடத்துக்கு மகன் ஒருநாள் அதிபராக வேண்டும் என்பதும் அவர்கள் எண்ணம். பாப்பரசருக்கும் இரண்டாம் பிரெடெரிக் பேரரசருக்கும் மூண்ட பகையால் மடத்துக்கு ஆபத்து வரவே, 1239-இல் சிறுவன் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றான்.

அங்கேதான் அரிஸ்டாட்டிலின் நூல்கள் கைக்குக் கிடைத்தன. கிறிஸ்துவை அறியாத அந்தக் கிரேக்க ஞானியின் இயற்கைத் தத்துவ நூல்களைப் போதிக்கக் கூடாதென்று 1210-இலேயே பாரீசில் தடை விதிக்கப்பட்டிருந்தது. அங்கேயே சாமிநாதர் சபைத் துறவியரையும் கண்டு, 1244-இல் அச்சபையில் சேர்ந்தார். பிச்சையெடுத்து உண்ணும் புதிய சபையில் பிரபுவின் மகனா! தாய் தெயொதோரா தம் மூத்த மக்களை ஏவினார். அவர்கள் வழியில் தம்பியை மறித்துப் பிடித்து ஏறத்தாழ ஓராண்டு கோட்டைக்குள் அடைத்து வைத்தனர். மனத்தைக் கலைக்க ஒரு பெண்ணை அனுப்பியதாகவும், எரியும் கொள்ளிக்கட்டையை எடுத்து அவளை இவர் விரட்டியதாகவும் பழைய சரித்திரங்கள் கூறும். கடைசியில் குடும்பத்தார்தாம் தோற்றனர்.

விடுதலையாகிப் பாரீசிலும் கொலோனிலும் பெரிய ஆல்பர்ட்டிடம் பயின்றார். பருத்த உடல், பேசாத வாய். உடன் படித்தோர் ஊமை எருது என்று கேலி செய்தனர். இந்த எருதின் குரல் உலகெங்கும் கேட்கும் என்று ஆசிரியர் முன்னறிவித்ததாகச் சொல்வர். 1256-இல் பாரீஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பட்டம் பெற்றார்.

இவர் அரிஸ்டாட்டிலிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன? குருமடத்தில் தத்துவம் பயில்வோருக்கு முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் பாடம் அது: பொருள், வடிவம் என்னும் இரு தத்துவங்கள். வடிவம் என்றால் வெளித்தோற்றம் அன்று. ஒன்றை இன்னதென்று ஆக்குவதே வடிவம். நாம் உண்ணும் சோறு நம் தசையும் இரத்தமும் ஆகிறது. எதுவோ ஒன்று நீடிக்கிறது, அது பொருள். சோறாயிருந்த தன்மை போய் மனித உடலின் தன்மை வந்து சேர்கிறது, அது வடிவம். திருமுழுக்கில் தண்ணீர் பொருள், குரு சொல்லும் வார்த்தைகள் வடிவம் என்று ஞானோபதேசத்தில் படித்தோமே, அந்தச் சொற்களும் இங்கிருந்து வந்தவையே.

மனிதனைப் பற்றிப் பேசும்போதுதான் இது உயிர்நாடியான விஷயம் ஆகிறது. மாலுமி கப்பலில் இருப்பதுபோல ஆன்மா உடலில் குடியிருக்கிறது என்பது பிளேட்டோவின் வழிவந்த எண்ணம். உயிர் கூட்டைவிட்டுப் பறந்தது என்று நாமும் சாவு வீட்டில் சொல்கிறோம். தோமாஸ் இதை ஒப்பவில்லை. ஆன்மாவே உடலின் வடிவம். ஒரு மனிதனுக்கு அந்த ஒரே வடிவந்தான் உண்டு என்றார். ஆன்மா அழியாதது, சாவுக்குப்பின் நிலைத்திருப்பது. ஆயினும் தனித்திருக்கும் ஆன்மா முழு மனிதன் அன்று. ஆகவே உடலின் உயிர்ப்பு இல்லாமல் நம் மீட்பு முழுமையடையாது என்று 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்துக்கு விளக்கம் எழுதினார்.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. எதிர்த்தவர்களை மூடர் என்று நாம் எண்ணிவிடலாகாது, அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. ஆன்மா ஒன்றே வடிவம் என்றால், அது பிரிந்தபின் கிடப்பது அதே உடலா? அப்படியானால் பெரிய வெள்ளி மாலை முதல் உயிர்ப்பு விடியல்வரை கல்லறையில் இருந்தது கன்னிமரியாளிடம் பிறந்த அதே உடல்தானா? உடலுக்கென்று தனியே ஒரு வடிவம் உண்டு, சாவிலும் அது நீங்காது என்று வைத்துக்கொண்டால் சிக்கலே இல்லையே என்றனர் பல வேதசாஸ்திரிகள். சாவிலும் இறைவார்த்தையானவர் தம் உடலைவிட்டுப் பிரியவில்லை, ஆளின் ஒருமையினால் அது அதே உடல் என்பது தோமாஸ் தந்த பதில். மற்றப் புனிதர்களைப் பொறுத்தவரை, வடிவம் நீங்கினாலும் பொருள் அதுவே. மீண்டும் தன் வடிவத்தோடு சேரவேண்டிய பொருள் அது. ஆதலால் அவர்களுடைய எலும்புகளுக்கு வணக்கம் தகும் என்றார். அடக்கச் சடங்கில் உடலுக்கு நாம் தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்டுவதை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

1273 டிசம்பர் 6-ஆம் நாள் நேப்பிள்சில் திருப்பலி நிறைவேற்றியபின் எழுதுவதை அடியோடு நிறுத்திவிட்டார். தாம் கண்டதற்கு முன்னால் எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தோன்றுகிறது என்றாராம். அவரது சும்மா தெயோலோஜியே என்னும் பெருநூல் ஒப்புரவுத் திருவருட்சாதனப் பகுதியோடு அரைகுறையாக நின்றது. பாப்பரசர் பத்தாம் கிரகோரியார் கூட்டிய லியோன் சங்கத்துக்குப் போகும் வழியில் நோயுற்று, 1274 மார்ச் 7-இல் பொஸ்ஸநோவா சிஸ்டர்சியன் மடத்தில் இறந்தார்.

மூன்றாண்டு கழித்து, சரியாக அதே மார்ச் 7-இல், பாரீஸ் ஆயர் 219 கருத்துகளைக் கண்டித்தார்; சில இவரையும் தொட்டன. பதினொரு நாளில், இவரது சபையையே சேர்ந்த காண்டர்பரி பேராயர் ராபர்ட் கில்வார்ட்பி, ஒரே வடிவம் என்னும் போதனையை ஆக்ஸ்போர்டில் தடுத்தார். அவருக்குப்பின் வந்த பிரான்சிஸ்கன் சபைப் பேராயர் ஜான் பெக்கம் 1286-இல் அதைத் தப்பறை என்றே அறிவித்தார். இறந்தவர் எழுந்து வந்து பதில் சொல்லவா முடியும்? ஆனால் 1312-இல் வியென் பொதுச்சங்கம், பகுத்தறிவுள்ள ஆன்மா தன்னிலேயே மனித உடலின் வடிவம் என்று வரையறுத்தது. வடிவம் ஒன்றா பலவா என்னும் வழக்கை அது தீர்க்கவில்லை. 1323-இல் பாப்பரசர் இருபத்திரண்டாம் அருளப்பர் இவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். 1325-இல் பாரீஸ் ஆயரே, முன்னைய கண்டனம் தோமாசைத் தொடுமளவில் அதை நீக்கினார். 1567-இல் மறைவல்லுநர் பட்டம் கிடைத்தது. 1879-இல் பதின்மூன்றாம் சிங்கராயர், குருக்களின் தத்துவப் பயிற்சிக்கு இவரையே ஆசானாக முன்வைத்தார்.

அவரது உடலை வைத்திருக்கும் உரிமை யாருக்கு என்று சிஸ்டர்சியன் துறவிகளும் சாமிநாதர் சபையினரும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு போராடினர். 1369 ஜனவரி 28-இல் எலும்புகள் பிரான்சு நாட்டின் துலூஸ் நகரிலுள்ள சாமிநாதர் சபை ஆலயம் வந்து சேர்ந்தன. நாம் அவர் திருநாளைக் கொண்டாடுவது அந்நாளில்தான். பிரெஞ்சுப் புரட்சியின்போது வேறு ஆலயத்துக்கு மாற்றப்பட்ட அவை, 1974-இல் பழைய இடத்துக்கே திரும்பி, அங்குள்ள பீடத்தின்கீழ் வைக்கப்பட்டிருக்கின்றன.