பந்து வீச மறுத்த நம்பர் ஒன் பிட்சர்... பேப் ரூத்தின் 1918 கலாட்டா!

ஆபீஸில் ஒரு வேலை உங்களுக்கு அத்துப்படி. உங்களை விட்டா அதைச் செய்ய ஆளில்லை. ஆனா, உங்க மனசு என்னவோ பக்கத்து டீம்லதான் இருக்கு. மாத்திக் கொடுங்கன்னு கேட்டா, நீங்க இல்லாம இங்கே எதுவும் நடக்காதேன்னு சிரிச்சுக்கிட்டே அனுப்பிடுறாங்க. நல்லா வேலை செஞ்சதுக்கு இப்படி ஒரு தண்டனை! பேஸ்பால் உலகின் ஆல் டைம் ஹீரோ பேப் ரூத்தும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டார்.

பேஸ்பால் தெரியாதவங்களுக்குக்கூட அவர் பேர் காதுல விழுந்திருக்கும். 714 ஹோம் ரன் அடித்த மனுஷன். ஆனா, அவர் பேட்ஸ்மேனாக வந்தவர் இல்லை. பந்து வீச வந்தவர்.

1895-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தார். அப்பாவுக்குச் சாராயக்கடை. பையனை அடக்க முடியாமல் 7 வயதிலேயே ஒரு சீர்திருத்தப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். சட்டை தைக்கவும் பேஸ்பால் ஆடவும் கற்றுக்கொண்டது அங்கேதான். 1914-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த சில வருஷங்களில் இடதுகை பிட்சர்னா ரூத்துதான்னு ஆகிப்போச்சு. 1916-ல் 23 வெற்றி, 1917-ல் 24 வெற்றி. 1916 வேர்ல்டு சீரிஸில் ஒரு மேட்ச் 14 இன்னிங்ஸ் வரைக்கும் இழுத்தது. அத்தனையையும் ஒத்தை ஆளா வீசி ஜெயிச்சுக் கொடுத்தார்.

இங்கே ஆட்டத்தைப் பத்தி ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். பிட்சருக்குத் தோள்பட்டை தாங்காது. ஒரு மேட்ச் வீசினா ரெண்டு, மூணு நாள் ஓய்வு. அந்தக் காலத்தில் பிட்சரும் பேட் பிடித்தாக வேண்டும். ஆனா, நம்ம கிரிக்கெட்டில் பதினோராவதாக இறங்குபவர் மாதிரி, அவர் அடிப்பார்னு யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க. ரூத்துக்கோ அடிப்பதில்தான் கிக். தினமும் அடிக்கணும்னா தினமும் மைதானத்தில் நிற்கணும். அதுக்கு பிட்சர் வேலையை விட்டுட்டு, அவுட்ஃபீல்டுக்கோ முதல் பேஸுக்கோ போகணும்.

முதல் உலகப் போர்தான் கதவைத் திறந்தது. 1918-ல் வீரர்கள் பலர் ராணுவத்துக்குப் போய்விட, அணியில் ஆள் பஞ்சம். மே 6-ம் தேதி, காயம்பட்டவருக்குப் பதிலாக ரூத் முதல் பேஸில் நிறுத்தப்பட்டார். அன்னிக்கே ஒரு ஹோம் ரன். சீனியர் வீரர் ஹாரி ஹூப்பர், இவரை தினமும் ஆட விடலாமே என்று மேனேஜர் எட் பேரோவிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். பேரோவுக்கு மனசே இல்லை. லீக்கின் சிறந்த இடதுகை பிட்சரை அவுட்ஃபீல்டில் நிறுத்தினால் ஊரே சிரிக்கும் என்பது அவர் பயம். அவரை வில்லன்னு நினைச்சுடாதீங்க. கையில் இருக்கும் 24 வெற்றியை விட்டுட்டு, வருமா வராதான்னு தெரியாத ஹோம் ரன்னை நம்பச் சொன்னா, அவர் இடத்தில் நீங்க இருந்தாலும் யோசிப்பீங்க.

கடைசியில் அரைமனசோடு அவுட்ஃபீல்டுக்கு அனுப்பினார். சும்மா சொல்லக்கூடாது, ரூத் வெளுத்து வாங்கினார். ருசி கண்ட பூனை அடுப்படியை விடுமா? ஜூனில், மணிக்கட்டு வலிக்குது, பந்து வீச முடியாதுன்னு சொல்லிட்டார். கையில் தோல் பட்டையும் கட்டிக்கொண்டார். ஆனா, ஹோம் ரன்கள் மட்டும் ஜோரா பறந்தன. பேரோ இந்த வலியை நம்பவே இல்லை. எனக்கும் நம்பிக்கை வரலை!

ஜூலை 2, வாஷிங்டனில் வெடித்தது. தான் சொன்னதைக் கேட்காமல் ரூத் பேட்டை வீசிவிட்டார் என்று பேரோ திட்ட, வாய்ச்சண்டை கைகலப்பின் விளிம்புக்குப் போனது. 500 டாலர் அபராதம் என்றார் மேனேஜர். ரூத்தின் வருஷச் சம்பளமே 7,000 டாலர்தான். மனுஷன் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு பால்டிமோருக்குக் கிளம்பிவிட்டார். போர்க்கால வேலைக்காக வீரர்களை இழுத்துக்கொண்டிருந்த செஸ்டர் கப்பல் கட்டும் தளத்தின் அணிக்கு, வர்றேன்னு தகவலும் அனுப்பிட்டார். ரெட் சாக்ஸ் முதலாளி ஹாரி ஃப்ரேஸி கோர்ட்டுக்குப் போவேன் என்று மிரட்டினார். இரண்டே நாளில் ரூத் திரும்பி வந்தார்.

ஜெயிச்சது யாருன்னு கேட்டா, ரெண்டு பேரும் இல்லை. தன் முறை வரும்போது ரூத் பந்து வீசணும், மத்த நாட்களில் மைதானத்தில் நின்று அடிக்கலாம்னு சமரசம் ஆச்சு. வெளியிலிருந்து பார்த்தால் சூப்பர் ஏற்பாடு. அந்த சீசனில் 13 வெற்றி, 11 ஹோம் ரன். அமெரிக்கன் லீக்கில் பத்து வெற்றி, பத்து ஹோம் ரன் என்ற இந்த இரட்டைக் கணக்கை இன்னொருவர் தொட 104 வருஷம் ஆச்சு. 2022-ல் ஜப்பானின் ஷோஹெய் ஓடானி! ரெட் சாக்ஸ் 1918 கோப்பையையும் தூக்கியது.

ஆனா, அந்த 11 ஹோம் ரன்னும் ஜூன் 30-க்குள் அடித்தவை. சமரசத்துக்கு அப்புறம் ஒண்ணுகூட கணக்கில் ஏறலை. ரெண்டு குதிரையில் சவாரி செய்தால் உடம்பு தாங்காது என்று ரூத் புலம்பியதில் நியாயம் இருந்தது.

1919-லும் கொஞ்சம் பந்து வீசினார். ஆனா 29 ஹோம் ரன் அடித்துப் புது சாதனை படைத்த பிறகு, வாதாட என்ன இருக்கு? அந்த வருஷக் கடைசியில் நியூயார்க் யாங்கீஸுக்கு விற்கப்பட்டார். அங்கே அவுட்ஃபீல்டுதான் வேலை. 1920-ல் 54 ஹோம் ரன். அந்த லீக்கில் வேறெந்த அணியும் மொத்தமாகச் சேர்ந்துகூட அவ்வளவு அடிக்கலை! ரெட் சாக்ஸ் அடுத்த கோப்பைக்கு 2004 வரை காத்திருந்தது தனிக்கதை.

1920-லேயே இன்னொருத்தரும் யாங்கீஸுக்கு வேலைக்கு வந்தார், நிர்வாகப் பொறுப்பில். வேற யாரு, எட் பேரோதான்!

யாங்கீஸில் ரூத் பந்து வீசியது மொத்தமே 5 மேட்ச். ஐந்திலும் வெற்றி. கடைசியாக வீசியது 1933 அக்டோபர் 1-ம் தேதி, பழைய ரெட் சாக்ஸுக்கு எதிராக. அப்போது வயது 38. முழு மேட்ச்சையும் தானே வீசி, கூடவே ஒரு ஹோம் ரன்னும் அடித்து 6-5 என ஜெயித்தார்.