தலைவரை உருவாக்கிய தலைவர்: அபிரானா ஙாட்டாவும் மாவோரி இளையோர் தலைமைப் பயிற்சியும்

முன்னுரை

நியூசிலாந்தின் தொல்குடியினரான மாவோரியர், 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்திருந்தனர். 1896ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்தம் தொகை ஏறத்தாழ 42,000 ஆகக் குறைந்திருந்தது. அவ்வினம் விரைவில் மறைந்துவிடும் என்று குடியேறிய வெள்ளையருள் பலர் நம்பினர். அந்நம்பிக்கையைப் பொய்ப்பித்தோருள் முதன்மையானவர் சர் அபிரானா ஙாட்டா (1874-1950). சட்ட வல்லுநர், நாடாளுமன்ற உறுப்பினர், அமைச்சர், வாய்மொழிப் பாடல் தொகுப்பாளர் எனப் பலவாறு அறியப்படும் அவருடைய பணிகள் அனைத்தையும் இணைத்த இழை, அடுத்த தலைமுறைத் தலைவர்களை உருவாக்குதல் என்பதாகும். அப்பயிற்சி முறை வளர்ந்த வகையையும் அது தடுமாறிய இடத்தையும் அவர் வாழ்க்கை வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

இளமையும் கல்வியும்

ஙாட்டா 1874ஆம் ஆண்டு சூலை 3ஆம் நாள், வடதீவின் கிழக்குக் கடற்கரையிலுள்ள தே அராரோவாவில், ஙாட்டி பொரோவ் குலத்தில் பிறந்தார். தந்தை பராட்டேனே ஙாட்டா. தந்தையை வளர்த்தவர் போர்த்தலைவர் ரோபாட்டா வஹாவஹா. மாவோரியர் நிலைபெற வேண்டுமெனில் வெள்ளையரின் கல்வியைக் கைக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் இவ்விருவருக்கும் இருந்தது. அதன் விளைவாகச் சிறுவயதிலேயே அவர் தே ஆவுட்டே கல்லூரிக்கு அனுப்பப்பெற்றார்.

மாவோரி மாணவர்க்கு உழவும் கைத்தொழிலும் போதும் என்று அரசின் கல்வி அலுவலர்கள் கருதிய காலம் அது. அக்கல்லூரித் தலைமையாசிரியர் ஜான் தார்ன்டனோ தம் மாணவரைப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தம் செய்தார். ஙாட்டா 1893இல் கலைப் பட்டமும் 1896இல் சட்டப் பட்டமும் பெற்றார். நியூசிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் மாவோரியர் அவரே. நகரில் வழக்குரைஞராக வளம்பெற வாய்ப்பிருந்தும் அவர் தம் குலத்தாரிடமே திரும்பினார்.

மன்றமும் ஊரும்

1897இல் தே ஆவுட்டே கல்லூரி மாணவர் சங்கம் முறையாக அமைந்தது. ஙாட்டா அதன் பயணச் செயலாளராக ஊர்தோறும் சென்றார். உடல்நலம், தூய்மை, மதுவிலக்கு, நில உரிமை ஆகியவை சங்க மாநாடுகளின் பொருள்களாயின. மருத்துவம் பயின்ற மாவுயி போமாரேயும் பீட்டர் பக் என்னும் தே ரங்கி ஹிரோவாவும் இவ்வட்டத்தைச் சேர்ந்தோர். இக்குழுவினர் பின்னர் இளம் மாவோரிக் கட்சியினர் எனப்பட்டனர்.

இளைஞர்கள் முதலில் ஊர்ப் பெரியோரைக் குறைகூறும் சீர்திருத்தக்காரராகவே புறப்பட்டனர். ஆயினும் மராய் எனப்படும் குலப் பொதுமன்றில் பேசும் உரிமை பட்டத்தால் வருவதன்று. குலவரலாற்றறிவாலும் மூத்தோர் இசைவாலும் வருவது. இதனை உணர்ந்த ஙாட்டா, மூத்தோரைப் பகைக்காமல் அவர்களைத் துணைகொண்டார். புதுக்கல்வி பெற்றவன் பழைய மன்றில் மதிக்கப்பெற வேண்டும் என்பது அவர் பயிற்சி முறையின் முதற்கூறாயிற்று. 1900ஆம் ஆண்டின் மாவோரி மன்றங்கள் சட்டம் ஊர்மன்றங்களுக்குத் தூய்மை, நல்வாழ்வு குறித்த அதிகாரங்களை அளித்தது. அம்மன்றங்களை அமைத்து மேற்பார்க்கும் பொறுப்பில் ஙாட்டா சில ஆண்டுகள் பணியாற்றினார்.

நிலமும் கலையும் பயிற்சிக்களங்களாதல்

1905இல் கிழக்கு மாவோரித் தொகுதியின் உறுப்பினரான அவர், 38 ஆண்டுகள் அப்பதவியில் நீடித்தார். மாவோரியர் நிலம் பலருக்குப் பொதுவாகச் சிறு பங்குகளாகச் சிதறிக் கிடந்ததால் வங்கிகள் கடன் தரவில்லை. பங்குகளை ஒருங்கிணைத்தல், உரிமையாளர் கூட்டமைப்புகளை நிறுவுதல் ஆகிய வழிகளை ஙாட்டா முதலில் தம் குலத்தாரிடையே செய்து காட்டினார். 1928இல் அமைச்சரானபின், 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மாவோரி நில மேம்பாட்டிற்கு அரசு நிதி கிடைக்கச் செய்தார். அத்திட்டங்களில் அந்தந்தக் குலத் தலைவர்களையே ஈடுபடுத்தினார். வைக்காட்டோ பகுதியில் தே புயா ஹேராங்கி என்னும் பெண் தலைவர் பெற்ற பொறுப்பு இதற்குச் சான்று. பொறுப்பை ஏற்றுச் செய்வதன்வழியே தலைமை கற்கப்படுகிறது என்பது இம்முறையின் இரண்டாம் கூறு.

மூன்றாம் கூறு பண்பாடு. ரோட்டோருவாவில் 1927இல் தொடங்கிய மாவோரிக் கலைப் பள்ளியில் இளைஞர் மரச்செதுக்குக் கலை பயின்று, குலமன்றங்களின் இல்லங்களை எழுப்பினர். பழம்பாடல்களைத் தொகுத்து ஙாட்டா வெளியிட்டதும் இந்நோக்கத்தின்பாற்பட்டதே.

வீழ்ச்சியும் அதன் பொருளும்

1929இல் மனைவி அரிஹியாவையும் மூத்த மகனையும் இழந்த துயரோடு அவர் இப்பணிகளைத் தொடர்ந்தார். விரைவே அவர் இயல்பு. அலுவலக நடைமுறைகள் காலத்தை வீணாக்குவதாகக் கருதி அவற்றைக் கடந்து செயற்பட்டார். 1934இல் அரசு அமைத்த விசாரணை ஆணையம் கணக்குகளின் ஒழுங்கின்மையையும் நடைமுறை மீறல்களையும் கடிந்தது. தம் குலத்திற்குச் சலுகை காட்டினார் என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. அவர் தம் சொந்த ஆதாயத்திற்காகப் பணத்தைக் கையாண்டார் என்பது நிறுவப்படவில்லை. எனினும் பொறுப்பேற்று அவர் பதவி விலகினார்.

இந்நிகழ்வை இனக்காழ்ப்பின் விளைவாக மட்டும் காண்பதும், ஆட்சித்திறனின் குறையாக மட்டும் காண்பதும் நிறைவுடையன ஆகா. குலத்தார்க்குக் கடமைப்பட்ட தலைவனும் அரசுக்குக் கணக்களிக்க வேண்டிய அமைச்சனும் ஒருவரே ஆகும்போது எழும் முரண் இதில் வெளிப்படுகிறது. பலரைப் பயிற்றிய அவர், தம் துறையின் சுமையைப் பலரோடு போதிய அளவு பகிரவில்லை என்பதும் இதனால் புலனாகிறது.

அடுத்த தலைமுறை

1939 மே மாதத்தில் ஆக்லாந்துப் பல்கலைக்கழகக் கல்லூரியில் மாவோரி இளந்தலைவர் மாநாடு நடைபெற்றது. நிலம், கல்வி, உடல்நலம், வீட்டுவசதி முதலியவற்றை இளைஞர்கள் ஆராய்ந்த அவ்வரங்கில் முதியவரான ஙாட்டாவும் பங்கேற்றார். சில மாதங்களில் போர் மூண்டது. மாவோரியர் தனிப்படை காண வேண்டும் என்று வலியுறுத்தியோருள் அவர் முன்னின்றார். 28ஆம் படையணியில் பணிபுரிந்த ஏறத்தாழ 3,600 பேருள் 649 பேர் மாண்டனர். நாளைய தலைவர்களாக மலரவேண்டிய பலர் அயல்மண்ணில் புதைந்தனர். 1943 தேர்தலில் ஙாட்டா தோற்றார். 1950 சூலை 14இல் வையோமாட்டாட்டினியில் மறைந்தார்.

முடிவுரை

கல்வியை மன்றோடும், பொறுப்பை நிலத்தோடும், தன்மதிப்பைக் கலையோடும் பிணைத்தது ஙாட்டாவின் பயிற்சி முறை. தொல்குடி இளையோரைத் தம் மக்களிடமிருந்து பிரித்தெடுத்துப் பயிற்றுவதைவிட, மக்களிடையே வைத்துப் பயிற்றுவதே பயன்தரும் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. அதிகாரத்தைப் பகிராத தலைமை, தான் வளர்த்த பணியையே இடருக்குள்ளாக்கும் என்பதும் அவ்வாழ்விலிருந்தே பெறப்படுகிறது. 1939இல் கூடிய இளந்தலைவர் மாநாடு, அவர் மறைந்த பின்னர் 1959இலும் ஆக்லாந்தில் மீண்டும் கூடியது. பயிற்றியவர் இன்றியும் பயிற்சி தொடர்ந்தமை அவர் பணியின் உறுதிக்குச் சான்றாகும்.